பரணில் கிடைத்த பட்டாளத்து டைரிகளை என்ன செய்வது?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது தாத்தாவின் தகர டிரங்குப் பெட்டி இறங்கியது என்றும், அதற்குள் 1943 முதல் 1945 வரையிலான மூன்று டைரிகள் இருந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாத்தா பேரையூர்ப் பக்கத்திலிருந்து மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து பர்மா போர்முனைக்குப் போனவர். ஒரு டைரியில் பக்கங்கள் ஒட்டிக் கிடக்கின்றன, இன்னொன்றில் எழுத்து ஊதா நிறமாக இருக்கிறது. லேமினேஷன் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். அத்தை பூஜை அறையில் வைக்கச் சொல்கிறார். சித்தப்பா ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

போகிக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களே தம்பி, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் இந்த மாதிரி நோட்டுகள் போகித் தீயிலும் பழைய பேப்பர் கடைத் தராசிலும் போய்ச் சேர்ந்ததைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்திருக்கிறது.

கேட்ட மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். லேமினேஷன் வேண்டாம், பூஜை அறை வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாச்சி வீட்டுத் தாத்தாவும் பட்டாளத்துக்காரர், இத்தாலிக்குப் போனவர். அவருடைய சின்ன டைரி ஒன்று என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. மேலட்டையில் தூசியும் கறையும் இருந்தன. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து முதல் பக்கத்தை மெதுவாகத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்து கண் முன்னால் ஊதாவாக மாறி, தாள் முழுக்கப் பரவி, அடுத்த பக்கத்திலும் இறங்கியது. ஒரு வாரத்து எழுத்து போய்விட்டது. அந்த ஒரு வாரத்தில் அவர் என்ன எழுதியிருந்தார் என்பது இனி யாருக்கும் தெரியாது. பின்னாளில் நூலக வேலைக்கு வந்து, முப்பது வருடம் பழைய தாள்களோடு பழகியதற்கு அந்த ஊதா நிறம்தான் காரணம்.

உங்களிடம் ஊதா எழுத்தாக இருப்பதும் அநேகமாக அதே சங்கதிதான். அது காப்பியிங் பென்சில். சாதாரணப் பென்சில் கரியோடு ஊதாச் சாயம் கலந்து செய்தது. உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் அடர்ந்த ஊதா. நாக்கில் தொட்டுத்தொட்டு எழுதுவார்கள். மைக்கூடும் பேனாவும் தூக்கிக்கொண்டு திரிய முடியாத சிப்பாய்க்கு அது வசதி, ரப்பரால் அழிக்கவும் முடியாது. ஆனால் தண்ணீர் அதற்கு எமன். இப்போது ஊதாவாகத் தெரிகிறது என்றால் ஏற்கெனவே எப்போதோ ஈரம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பர்மா மழையாகவும் இருக்கலாம், உங்கள் பரண் ஓட்டு ஒழுகலாகவும் இருக்கலாம். இனி ஒரு சொட்டு ஈரம்கூடப் படக்கூடாது. வியர்வைக் கை, ஈரத்துணி, புத்தகத்தைத் திருப்ப எச்சில் தொட்ட விரல், எல்லாமே இதில் சேர்த்தி.

மற்ற டைரிகளில் ப்ளூ பிளாக் மை இருக்கக்கூடும். அந்தக் காலத்து ப்ளூ பிளாக் மையில் இரும்பு உப்பு உண்டு. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே குணம்தான். நாளாக ஆக எழுத்து பழுப்பாகி, அழுத்தி எழுதிய இடத்தில் தாளை அரித்துவிடும். அதனால் அந்தப் பக்கங்களை மடக்கவும் கூடாது, வளைக்கவும் கூடாது.

இப்போது லேமினேஷன். சூடான பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் ஒட்டுவதுதான் அது. மலிவான மரக்கூழ்த் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது, தாள் பழுப்பாகி ஒடிவது அதனால்தான். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தாலும் அந்த அமிலம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பத்து வருடம் கழித்து நல்ல முறை ஏதாவது கிடைத்து எடுக்க நினைத்தால், பிளாஸ்டிக்கோடு எழுத்தும் உரிந்து வரும். செலோடேப்பும் அப்படித்தான். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்த இடம் கிழிந்தபடியே இருக்கட்டும். ஏற்கெனவே துருப்பிடித்த குண்டூசியோ ஸ்டேப்பிள் பின்னோ இருந்தால் அதை மட்டும், தாளை இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். எடுக்க வராவிட்டால் விட்டுவிடுங்கள். ரப்பர் பேண்ட் இருந்தால் அவிழ்த்து எறியுங்கள்.

ஒட்டிக் கிடக்கும் பக்கங்களைத் தயவுசெய்து கத்தியோ அட்டையோ விட்டுப் பிரிக்காதீர்கள். ஆவி காட்டுவதும் கூடாது, அந்த ஊதாப் பென்சிலுக்கு ஆவியும் தண்ணீர்தான். அந்த ஒரு டைரியை மட்டும் தனியாக வைத்து, ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இரண்டும் பழைய தாளோடு தினமும் வேலை செய்கிற இடங்கள். முதலில் படம் அனுப்பி ஆலோசனை கேட்டுவிட்டு அப்புறம் எடுத்துப் போகலாம். எண்பது வருடம் ஒட்டிக் கிடந்தது இன்னும் ஆறு மாதம் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

பூஜை அறை விஷயத்தில் அத்தையின் மனசு எனக்குப் புரிகிறது. அப்பாவின் கையெழுத்து, அது சாமிக்குச் சமம்தான். ஆனால் அங்கே எண்ணெய் விளக்குப் புகை, கற்பூரக் கரி, சாம்பிராணி எல்லாம் தாளில் படியும். சரஸ்வதி பூஜை அன்று யாராவது பக்தியோடு சந்தனத்தைக் குழைத்து அட்டையில் வைத்து, மேலே குங்குமமும் இடுவார்கள். நூறு வருடம் பழைய புத்தகங்களில் அந்தச் சிவப்பு வட்டம் ஐந்தாறு பக்கம் உள்ளே இறங்கியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தாத்தா படம் பூஜை அறையில் இருக்கட்டும், பூஜை அன்று டைரியின் ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து அதற்குப் பொட்டு வைப்போம். என் வீட்டில் இப்படித்தான் செய்கிறோம், யாருக்கும் குறையில்லை.

சரி, எங்கே வைப்பது? மறுபடி பரணுக்கு ஏற்ற வேண்டாம். சித்திரை வைகாசியில் ஓட்டுக்கும் மொட்டைமாடிக்கும் கீழே இருக்கும் வெக்கை தாளை அப்பளமாக்கிவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கம்தான் தாளை அதிகமாகக் கெடுக்கிறது. வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரோடு ஒட்டாத பீரோவில், தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் வையுங்கள். அந்தத் தகரப் பெட்டியும் நினைவுப்பொருள்தான், பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் துருப்பிடித்திருந்தால் டைரியை அதற்குள் திரும்ப வைக்க வேண்டாம். அமிலமில்லாத தாளும் அட்டைப்பெட்டியும் இப்போது இணையத்தில் வாங்கலாம். வந்து சேரும்வரை, கஞ்சிப்பசை போக இரண்டு மூன்று முறை அலசி நன்றாகக் காயவைத்த, சாயம் போடாத வெள்ளைக் கதர்த் துணியில் ஒவ்வொரு டைரியையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். நம் ஊர் வழக்கப்படி பழைய சுங்குடிச் சேலையில் சுற்ற ஆசை வரும். வேண்டாம். ஈரக்காற்று பட்டால் சிவப்புச் சாயம் தாளில் இறங்கும்.

பூச்சி பற்றி. செல்லரித்த மண் தடமோ, ராமபாணப் பூச்சியின் ஓட்டையோ தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை மனிதருக்கும் ஆகாது. வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம், ஆனால் காய்ந்த இலை பொடியாகிக் கறை விடும். வசம்பைத் துணி முடிச்சாகக் கட்டிப் பெட்டி மூலையில் வைக்கிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன், தாளைத் தொடாமல் இருந்தால் போதும். உண்மையில் காப்பது மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று பெட்டிக்குள் கிடக்கட்டும். ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது, அறுபத்தைந்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். கார்த்திகை மாதத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

டைரியைத் தொடும்போது வெள்ளைக் கையுறை போட வேண்டியதில்லை. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் பலம் தெரியாது, ஓரம் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்ந்த கை போதும்.

அடுத்தது படம் எடுப்பது. இந்த வாரமே செய்யுங்கள், பெட்டி வாங்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். காலை எட்டு மணிவாக்கில் வெயில் நேரே விழாத ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, செல்போன், கை ஆடாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட். ஃபிளாஷ் கூடாது. டைரியை முழுக்க விரித்துத் தட்டையாக அழுத்தாதீர்கள், தையல் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை அண்டக்கொடுத்து, பாதி விரித்த நிலையிலேயே முதலில் இடப்பக்கங்கள் எல்லாவற்றையும், அப்புறம் வலப்பக்கங்களையும் எடுங்கள். ஸ்கேன் செய்யும் செயலிகளில் தாளை வெள்ளை வெளேரென்று ஆக்கும் வசதி இருக்கிறதே, அதை அணைத்துவிடுங்கள். மங்கலான பென்சில் கோட்டை அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். எழுதாத பக்கமும், அட்டையும், உள்ளே செருகிய மணியார்டர் ரசீதும் ரயில் சீட்டும் எல்லாமே படமாக வேண்டும். செருகல் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தோடு சேர்த்து ஒன்று, தனியாக ஒன்று. எழுத்து தெரியாத இடத்தில் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து எடுத்துப் பாருங்கள், பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தாத்தா எழுதியது கரி அழிந்த பிறகும் பள்ளமாக அங்கேயே இருக்கும்.

படங்களை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ இணையக் கிடங்கிலோ. சித்தப்பாவுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. முழுப் பிரதி அச்செடுத்துக் கட்டி, சகோதரர் ஒவ்வொருவருக்கும் மூன்று டைரியும் கொடுத்துவிடலாம். மூலம் மட்டும் ஒரே வீட்டில், ஒன்றாக இருக்கட்டும். 1943இல் ஒரு பெயராக வந்த ஆள் யார் என்பது 1945இல்தான் தெரியவரும். பிரித்துவிட்டால் மூன்றும் ஊமையாகிவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி, படிப்பது.

தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருந்தால் தமிழ் எண்களும் குறியீடுகளும் வரும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ‘தாரண ௵ வைகாசி ௴ ௨௰௪ ௳’ என்று இருந்தால் 24 ஆம் தேதி, அதாவது 1944 ஜூன் முதல் வாரம். சுபானு 1943 சித்திரையில் தொடங்கியது, தாரண 1944, பார்த்திப 1945. ணா, றா, னா, லை, ளை போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி விழும், புள்ளி பல இடத்தில் இருக்காது. நாலு பக்கம் தட்டுத்தடுமாறினால் ஐந்தாவது பக்கத்திலிருந்து அவர் கை உங்களுக்குப் பழகிவிடும். பெயர்த்து எழுதும்போது அவர் எழுதியபடியே எழுதுங்கள். பிழையைத் திருத்தாதீர்கள். ‘மழெ’ என்று எழுதியிருந்தால் மழெ என்றே இருக்கட்டும், அது அவர் பேச்சு. புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘மணிப்பூர் ரோடு’ என்று வந்தால் அது சாலை என்று நினைத்துவிட வேண்டாம், திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அன்றைய பெயர் அது. அங்கே இறங்கித்தான் கோஹிமா, இம்பால் பக்கம் ஏறினார்கள். ஜப்பானியரோடு நடந்த கோஹிமா சண்டை 1944 ஏப்ரல் 4 இல் தொடங்கி, இம்பால் சாலை ஜூன் 22 இல் திறக்கும்வரை நீண்டது. அந்த நாட்களில் டைரி வெறுமையாக இருந்தால் பதறாதீர்கள். போர்முனையில் சிப்பாய் டைரி வைத்திருப்பதையே ராணுவம் அனுமதிக்கவில்லை. எதிரி கையில் சிக்கினால் படை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும் என்ற பயம். கடிதங்களும் தணிக்கையாகித்தான் போயின. அதனால் ‘இன்று வேலை, நல்ல மழை’ என்று மட்டும் இருக்கும். சாப்பர்ஸ்காரருக்கு வேலை என்றால் சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, குண்டு விழும்போதே பாலம் கட்டுவது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் (Chindwin) ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு, இரும்புச் சட்டங்களைப் பூட்டிச் சேர்க்கும் பெய்லி பாலம் நிமிர்ந்ததே, அந்த மாதப் பக்கங்களைக் கவனமாகப் படியுங்கள். அவர் அந்தப் பாலத்தில் கைவைத்தாரோ இல்லையோ, அதன் மேல் நடந்து போயிருக்கலாம்.

அதை உறுதி செய்ய அவர் சாப்பர்ஸில் எந்தக் கம்பெனி, அதாவது எந்தப் பிரிவு என்பது தெரிய வேண்டும். பெட்டியில் பதக்கம் இருந்தால் விளிம்பிலும் பின்புறத்திலும் பாருங்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருப்பார்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருந்தால் இன்னும் நல்லது. எண் கிடைத்தால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் (மதராஸ் சாப்பர்ஸ்தான் அது) ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். எப்படி எழுதுவது என்று மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கம்பெனி தெரிந்துவிட்டால் இன்னொரு கதவும் திறக்கும். ஒவ்வொரு படைப்பிரிவும் அதிகாரபூர்வ ‘வார் டைரி’ ஒன்றை நாள்தோறும் எழுதியது. பர்மா போர்முனைக்கு உரியவை லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிய அதே தேதியையும் தாத்தா தமிழில் எழுதிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், மேனி சிலிர்க்கும்.

டைரியில் வரும் தோழர்களில் யாராவது திரும்பவில்லை என்று தோன்றினால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். கோஹிமா கல்லறையில் 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு அங்கேயே தனி நினைவிடம் உண்டு. பெயர்களின் எழுத்து ஆங்கிலத்தில் எப்படியும் மாறியிருக்கும், நாலைந்து விதமாக மாற்றித் தேட வேண்டும்.

ஆனால் லண்டனுக்கு எழுதுவதற்கு முன்னால் அத்தையிடம் போங்கள். எழுபத்தொன்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பட்டாளத்தில் நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். ‘கல்லுப்பட்டியான் இன்று கஞ்சி குடிக்கவில்லை’ என்று ஒரு வரி வந்தால், அந்தக் கல்லுப்பட்டியான் யார், பிறகு வீட்டுக்கு வந்துபோனாரா, அவர் பிள்ளைகள் எங்கே என்பது எந்தக் காப்பகத்திலும் இல்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கலாம். போனில் பதிவை ஓடவிட்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கம் மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். அவர் டைரியை விட்டுவிட்டு அப்பாவின் கால் புண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேசவிடுங்கள்.

சங்கடமான வரிகளும் வரும். பயந்ததும், குடித்ததும், யாரையோ திட்டியதும், சில சமயம் அதைவிடக் கனமானதும். அத்தைக்கு வாசிக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். மூலத்தில் ஒரு எழுத்தையும் அடிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். வெளியே காட்டும் பிரதியில் அந்தப் பகுதியை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. மற்றவர் குடும்பத்துப் பெயர் வரும் இடத்தில் அப்படி விடுவதுதான் முறை என்றும் நினைக்கிறேன். இணையத்தில் போடுவதானாலும் காப்பகத்துக்குக் கொடுப்பதானாலும் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும், அத்தையின் கையெழுத்தும் சேர்த்து. கொடுக்கும்போது ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்காதீர்கள். எத்தனை பக்கம், என்ன நிலை, இரவலா நன்கொடையா, திரும்ப எப்போது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அவசரமில்லை. படமெடுத்து, பெயர்த்தெழுதி, அத்தை சொன்னதையும் சேர்த்த பிறகு கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கும் அதன் அருமை தெரியும்.

படமெடுத்ததும் ஊதா எழுத்துப் பக்கங்களில் புரியாதவற்றை எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பென்சிலைப் படித்துப் பழகிய கண் எனக்கு இன்னும் இருக்கிறது, உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.